ஆத்தங்குடிக் கல்லும் பெட்டகமும் பெங்களூர் போகணும்: லாரிக் கம்பெனியை எங்கே விசாரிப்பது?

பள்ளத்தூர் ஆச்சி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகன் பெங்களூரில் வீடு கட்டியிருக்கிறான். வைகாசியில் புதுமனை புகுகிறார்கள். கீழ்த்தளம் முழுக்க ஆத்தங்குடிக் கல்தான் என்று மருமகள் சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஆனால் ஏற்றி அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் மூன்று மாதமாக அங்கேயே இருந்து கட்டட வேலையைப் பார்க்கிறார்.

1,100 சதுர அடி, எட்டு அங்குலக் கல். கணக்குப்படி 2,475 வரும். உடைசலுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் சேர்த்து 2,600 சொல்லியிருக்கிறேன். கல் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கிறது, ஆக எடை நான்கு டன்னைத் தாண்டும். அதோடு வளவு வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த தேக்குப் பெட்டகம் ஒன்று, ஊஞ்சல் பலகை, மூன்று மரப்பெட்டி நிறைய பீங்கான் ஜாடியும் மங்குச் சாமானும். கல் உடைந்தால் பட்டறையில் மறுபடி ஊற்றித் தருவார்கள். ஜாடியெல்லாம் என் மாமியாருக்கு மாமியார் சீராகக் கொண்டுவந்தது, அதற்கு எந்தப் பட்டறைக்குப் போவது?

இரண்டு பேரிடம் வாடகை கேட்டேன். இணையத்தில் பார்த்துக் கூப்பிட்டவர் 19,500 சொன்னார். நூற்றுக்கு எண்பது முன்பணம். 'இருபது வருட அனுபவம், இந்தியா முழுவதும்' என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் ஒரு புக்கிங் ஆபீஸில் 27,000. பாதி ஏற்றும்போது, மீதி இறக்கியபின்.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், என் நாத்தனார் மூன்று வருடம் முன்பு தேவகோட்டையிலிருந்து ஐதராபாத்துக்குச் சாமான் அனுப்பிச் சீரழிந்தார். ரசீதில் ஒரு பெயர், வந்த லாரியில் பெயரே இல்லை. வழியில் ராத்திரியோடு ராத்திரியாக வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது, நிலைக்கண்ணாடி இரண்டு துண்டு. ரசீதைக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, 'நாங்கள் ஏஜென்ட்தான், லாரிக்காரரைக் கேளுங்கள்' என்றார்களாம். லாரிக்காரர் யார் என்று அந்த ரசீதில் எங்கேயும் இல்லை.

பெண் கொடுக்குமுன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பெட்டகம் கொடுக்குமுன் எங்கே விசாரிப்பது? இந்தக் கம்பெனி பதிவு செய்ததுதானா, வண்டி விபத்து கிபத்து செய்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க ஏதாவது இடம் இருக்கிறதா? எங்கள் அப்பச்சி பேரேட்டில் எழுதாமல் ஒரு கொட்டானைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள். அந்தப் புத்தி எனக்கும் கொஞ்சம் உண்டு.

செக்காலை ரோடு:

ஜி.எஸ்.டி. நம்பரை வாங்கி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள் ஆச்சி. 15 இலக்கம். முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு, அடுத்த பத்து அவர்களுடைய பான் எண். எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள், இப்போது நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். இருபது வருட அனுபவம் என்பவர் போன தீபாவளிக்குத்தான் பதிவு செய்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள். அது போதும்.

ரஸ்தா லாரிக்காரன்:

செக்காலைத் தம்பி சொன்னது பாதி சரி. நட்சத்திரத்தை விடுங்கள். ஜி.எஸ்.டி. ஆபீஸுக்கு லாரியின் பிரேக் பிடிக்கிறதா என்பது தெரியாது.

ஆச்சி, நான் தேவகோட்டை ரஸ்தாக்காரன். 31 வருடம் லாரி வைத்திருந்தேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று, கடைசியில் மறுபடி ஒன்று. போன வருடம் அதையும் நாமக்கல்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் இந்தத் தொழிலில் யாருக்கும் பயப்படாமல் பேசலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் லாரிக் கம்பெனிக்கு என்று மார்க் ஷீட் கிடையாது. இருக்கிற பதிவேடெல்லாம் வண்டிக்குத்தான். கம்பெனி என்று போர்டு போட்டிருப்பவர் பலபேரிடம் சொந்த வண்டி ஒன்றுகூட இருக்காது. மேஜை, போன், ரசீதுப் புத்தகம், அவ்வளவுதான் முதல். போன் வந்ததும் லாரிப் பேட்டையில் எவன் சும்மா நிற்கிறான் என்று பார்த்து அனுப்புவார். அது தப்பில்லை, நானே அப்படிப் போய்ச் சம்பாதித்தவன்தான். ஆனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது போர்டை அல்ல, உங்கள் வாசலில் வந்து நிற்கிற வண்டியை. அது யாருடையது என்பது முந்தின நாள் மத்தியானம் வரை அவருக்கே தெரியாது.

இருந்தாலும் போர்டுக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. 2007-ல் ஒரு சட்டம் வந்தது. சாலைவழி சரக்குக்கானது. அதன் விதிகள் 2011-ல் வந்தன. வாடகைக்குச் சரக்கு எடுக்கிற யாரும் அதன்படி பதிவு செய்ய வேண்டும், பதிவு பத்து வருடம் செல்லும். புக்கிங் ஆபீஸ், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். உங்கள் நாத்தனாரிடம் 'நாங்கள் ஏஜென்ட்தான்' என்று கைகழுவினார்களே, அது செல்லாத பேச்சு. ரசீது கொடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். சரக்கு போய்விட்டாலோ உடைந்துவிட்டாலோ அவனுடைய அஜாக்கிரதை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இந்த ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஆகவே 'அந்தச் சட்டப்படி உங்களுக்கு காமன் கேரியர் பதிவு இருக்கிறதா, நகல் கொடுங்கள்' என்று கேளுங்கள். நகல் வராவிட்டாலும், கேட்டதும் ஆள் எப்படிப் பேசுகிறார் என்பதில் கொஞ்சம் தெரியும்.

அடுத்தது வண்டி நம்பர். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ உங்கள் மொபைல் எண்ணை வைத்து உள்ளே போய் வண்டி நம்பரைத் தட்டுங்கள். உரிமையாளர் பெயரில் பாதி நட்சத்திரக் குறியாக மறைந்திருக்கும். அது பரவாயில்லை. பதிவு செய்த தேதி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, இதெல்லாம் வரும். இதில் நான் முதலில் பார்ப்பது எஃப்.சி. புது லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடாவருடம் காட்ட வேண்டும். எஃப்.சி. இல்லாத லாரிக்குச் சட்டப்படி பதிவே இல்லாத மாதிரிதான். நடுவழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் முதலில் விரல் வைக்கிற இடமும் அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி. முடிந்து மூன்று வாரமான வண்டியில் நானே சேலத்துக்கு உப்பு ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் தேதி கிடைக்கவில்லை, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவும் இல்லை. ஆகவே லாரிக்காரன் அயோக்கியன் என்று நினைக்க வேண்டாம். கடன்காரனாக இருப்பான். இரண்டும் உங்கள் பெட்டகத்துக்கு ஒன்றுதான்.

கர்நாடகா போவதால் நேஷனல் பெர்மிட் வேண்டும். முன்னும் பின்னும் என்.பி. என்று எழுதியிருக்கும். எழுத்தை நம்பாமல் பெர்மிட் தாளில் தேதியைப் பாருங்கள். சாதாரண லாரிக்கு 12 வயதுக்குமேல் அந்தப் பெர்மிட் கிடைக்காது, பல அச்சு வண்டிக்கு 15. நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி குறைந்த வாடகைக்கு வரும், கூப்பிடாதீர்கள்.

ரசீது விஷயம் இனிமேல்தான். அதை ராத்திரி எழுதுகிறேன், பேத்தி போனைக் கேட்கிறாள்.

ரஸ்தா லாரிக்காரன்:

விட்ட இடம் ரசீது. எல்.ஆர். என்போம். அதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். சரக்குக்காரர் பொறுப்பு என்று அர்த்தம். கூடவே சட்டம் ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. சரக்கின் மதிப்பைக் கூடுதலாக எழுதி அதற்கான கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால், நஷ்ட ஈடு வாடகையைப்போல் பத்து மடங்குக்குமேல் கிடைக்காது. 19,500 வாடகை என்றால் 1,95,000. 27,000 என்றால் 2,70,000. குறைந்த வாடகையில் இப்படியும் ஒரு குறைவு ஒளிந்திருக்கிறது.

லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று எல்லோரும் நினைப்பார்கள். அது வண்டிக்கும், வண்டி யார்மேலாவது மோதினால் அவருக்கும். மேலே ஏற்றியிருக்கிற ஜாடிக்கு அதில் சல்லிக்காசு வராது. சரக்குக்கு நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும், ஒரே ஒரு நடைக்கு மட்டும் என்றும் எடுக்கலாம். உங்கள் வங்கிக்குப் பக்கத்து இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கேளுங்கள்.

எல்.ஆரில் வண்டி நம்பர், டிரைவர் பெயர், அவர் போன், லைசென்ஸ் எண், வண்டி உரிமையாளர் பெயர், எத்தனை உருப்படி, எடை எல்லாம் இருக்க வேண்டும். 'வீட்டுச் சாமான் 1 லோடு' என்று எழுத விடாதீர்கள். பெட்டகம் 1, பலகை 1, மரப்பெட்டி 3, கல் இத்தனை கட்டு என்று எழுதச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

அண்ணே, ரொம்ப நன்றி. மூன்று முறை படித்தேன். பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டு வண்டி நம்பர் கேட்டேன்.

19,500-காரர், 'அதெல்லாம் லோடு அன்றைக்குத்தான் மேடம்' என்றார். நான் விடவில்லை. சாயங்காலம் ஓர் ஆர்.சி. படம் வாட்ஸாப்பில் வந்தது. டி.என். 28 வண்டி. செயலியில் போட்டேன். எஃப்.சி. தை மாதத்தோடு முடிந்திருக்கிறது. சொன்னதும், 'சர்வர் அப்டேட் ஆகலை' என்றார். சரி, புது எஃப்.சி. தாளைக் காட்டுங்கள் என்றேன். அதற்குப்பின் போனே இல்லை. ஜி.எஸ்.டி. எண் கேட்டதற்கும் பதில் இல்லை.

காரைக்குடிக்காரர் உடனே நம்பர் கொடுத்தார். 19 அடி வண்டி. எஃப்.சி., இன்ஷூரன்ஸ், புகை எல்லாம் நடப்பில் இருக்கிறது. ஒரே ஓர் உறுத்தல். செயலியில் பாதி மறைந்து தெரிகிற உரிமையாளர் பெயர் அவர் ஆபீஸ் பெயரோடு ஒட்டவே இல்லை. இது சந்தேகப்பட வேண்டியதா?

காமன் கேரியர் பதிவையும் கேட்டேன். சிரித்துவிட்டு, 'இத்தனை வருடத்தில் இதைக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் ஆச்சி' என்றார். ஆனால் சுவரில் மாட்டியிருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்.

ரஸ்தா லாரிக்காரன்:

சந்தேகம் வேண்டாம். அது அவரிடம் சேர்ந்து ஓடுகிற வேறு ஆள் வண்டி. பாதி ஊர் அப்படித்தான் ஓடுகிறது. எல்.ஆர். அவர் ஆபீஸ் பெயரில், கீழே உரிமையாளர் பெயர். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் போதும். எஃப்.சி. விஷயத்தில் சர்வரைக் குற்றம் சொன்னாரா! எங்கள் காலத்தில் 'தபாலில் வருகிறது' என்போம்.

இரவுப்பணி, தேவகோட்டை:

ஆச்சி, நான் குறுக்கே வரலாமா? என் வேலையே இதுதான், ஆனால் வேறு நாட்டுக்கு. அமெரிக்காவில் சரக்கு புரோக்கர் ஒருவருக்காக ராத்திரி ஏழு மணியிலிருந்து விடியக்காலை நாலு வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒரு லாரிக் கம்பெனிக்கு லோடு கொடுக்குமுன் அதன் ஜாதகத்தைப் பார்ப்பது என் பொறுப்பு. தெருவில் நாய் குரைக்கும், நான் டெக்சாஸ்காரரிடம் இன்ஷூரன்ஸ் தாள் கேட்டுக்கொண்டிருப்பேன்.

லாரிக்காரப் பெரியப்பா சொன்ன வித்தியாசம் ரொம்பச் சரி. அங்கே மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற கம்பெனிக்கு யூ.எஸ்.டாட் எண் என்று ஒன்று உண்டு. பதிவேடு கம்பெனியின் பெயரில். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அமைப்பு நடத்துகிற சேஃபர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், இருபத்து நான்கு மாதத்தில் எத்தனை முறை சாலையில் சோதனை செய்தார்கள், அதில் எத்தனை வண்டியை 'இனி ஓட்டாதே' என்று அங்கேயே நிறுத்தினார்கள், நாட்டின் சராசரி என்ன, எத்தனை விபத்து, அதில் சாவு எத்தனை, எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் கிடையாது.

பொறாமையாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். 'திருப்தி', 'நிபந்தனையோடு', 'திருப்தியில்லை' என்று மூன்று தர மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான கம்பெனிக்கு அந்த மதிப்பே போட்டிருக்க மாட்டார்கள். அந்த இடம் காலியாகக் கிடக்கும். விபத்துப் பட்டியலில் தப்பு யாருடையது என்று இருக்காது, நின்ற லாரியில் வேறு ஒருவர் வந்து மோதினாலும் கணக்கில் ஏறும். சரக்குக் கம்பெனிகளின் பாதுகாப்பு மதிப்பெண் முன்பு பொதுவில் இருந்தது, 2015 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப்பின் அதை மறைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. கெட்ட பெயர் வாங்கிய கம்பெனி மூடிவிட்டு, அதே ஆட்கள், அதே லாரி, அதே முகவரியோடு புது எண் வாங்கி வருவார்கள். அங்கே அதற்குப் பச்சோந்தி என்றே பெயர். அதனால் எண்ணின் வயதை முதலில் பார்ப்பேன். எண் பிறந்து மூன்று மாதம், ஆனால் முகவரி எங்கள் பழைய கோப்பில் வேறு பெயரில் இருக்கிறது என்றால் லோடு கிடையாது. ஒரு கம்பெனி லோடை வாங்கி எங்களுக்குச் சொல்லாமல் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. உங்கள் நாத்தனாருக்கு நடந்ததேதான், பெரிய அளவில்.

அங்கே பழகிய இரண்டு வழக்கம் இங்கேயும் உதவும் என்று எழுதுகிறேன். மெயிலில் வருகிற போன் நம்பரை நம்ப மாட்டோம். அரசுப் பதிவில் இருக்கிற நம்பருக்கு நாங்களே கூப்பிட்டு, 'இன்ன லோடுக்கு இன்ன ஆள் உங்கள் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார், உண்மையா?' என்று கேட்போம். போன மாதம் மட்டும் இரண்டு பேர், 'அப்படி யாரும் எங்களிடம் இல்லையே' என்றார்கள். இரண்டாவது, இன்ஷூரன்ஸ் தாளை லாரிக்காரரிடமிருந்து வாங்க மாட்டோம். ஏஜென்டிடமிருந்து நேரே வர வேண்டும். சாதாரணச் சரக்குக்கு அங்கே குறைந்தது 7,50,000 டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். அந்தத் தொகையைத் தாளில் மாற்றி எழுதுவது ஐந்து நிமிட வேலை.

ரஸ்தா லாரிக்காரன்:

ஆத்தா, நீ சொல்வதைப் பார்த்தால் அங்கேயும் புரோக்கர், இங்கேயும் புரோக்கர். லாரிக்காரன் ரெண்டு ஊரிலும் மாட்டிக்கொள்கிறான். அந்தப் புரோக்கரிடம் அரசாங்கம் ஏதாவது பணம் பிடித்து வைத்திருக்கிறதா?

இரவுப்பணி, தேவகோட்டை:

உண்டு பெரியப்பா. புரோக்கர் 75,000 டாலருக்குப் பிணை காட்ட வேண்டும். லாரிக்காரருக்கு வாடகை தராமல் ஏமாற்றினால் அதிலிருந்து கேட்கலாம். ஆனால் ஒரே புரோக்கர் ஐம்பது பேரை ஏமாற்றியிருந்தால் அந்த ஐம்பது பேருக்கும் சேர்த்துத்தான் அந்த 75,000.

ரஸ்தா லாரிக்காரன்:

அப்படியானால் சரி. நான் அமெரிக்கா போகவில்லை.

கல் பட்டறை:

ஆச்சி, நான் ஆத்தங்குடிதான். கல் எங்களிடம் எடுத்தீர்களா, பக்கத்துப் பட்டறையிலா தெரியாது. எங்கே எடுத்தாலும் இதைக் கவனியுங்கள்.

எங்கள் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் சிமென்ட்டும் மணலும் சாயமும் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்தது. ஊறி எடுத்து நாலு நாள்கூட ஆகாததை அவசரத்துக்கு ஏற்றினால் முனை உதிரும். பூ பக்கமும் பூ பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி, நடுவில் தாள் வைத்து, குத்துவாக்கில் நிறுத்தி அடுக்க வேண்டும். படுக்கப் போட்டு உயரமாக அடுக்கினால் அடிக்கல் விரியும். லாரிப் படுகையில் முதலில் வைக்கோல். கல் முழுவதும் பின்பக்கமே இருந்தால் வண்டி ஆடும், அச்சுகளின்மேல் எடை பரவ வேண்டும். உங்கள் பெட்டகம் கல்லுக்கு முன்னால், கேபினை ஒட்டி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.

இ-வே பில்லை, அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டை, நாங்கள் போட்டுத் தருவோம். மாநிலம் தாண்டுகிறது, பில் 50,000-க்குமேல், கட்டாயம் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. நமக்கு நானூறுக்குச் சற்று மேல், மூன்று நாள் கிடைக்கும். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் வேண்டாம், ஆனால் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. இ-வே பில்லின் பி பகுதியில் வண்டி நம்பர் ஏறும். வழியில் வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த நம்பரையும் மாற்றியாக வேண்டும், பில் போட்ட எங்களுக்கு அது தெரிந்துவிடும். மாற்றாமல் ஓட்டினால் சோதனையில் மாட்டுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:

அனுப்பிவிட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

27,000-காரரிடமே பேசி முடித்தேன். 26,000-க்கு வந்தார். சரக்குக்கு ஒரு நடை இன்ஷூரன்ஸும் எடுத்தேன். ஏற்றுகிற அன்று பட்டறை வாசலில் மூன்று மணிக்கு நின்றேன். நாலரைக்கு லாரி வந்தது. வந்தது வேறு லாரி!

எனக்குக் கை நடுங்கிவிட்டது. டிரைவர் துறையூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். 'அந்த வண்டி கிளச் போயிடுச்சு ஆச்சி, என்னை அனுப்பினாங்க' என்றான். தேவகோட்டைப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் நீட்டிய போனை வாங்காமல், சுவரில் மாட்டியிருந்த அந்தப் பதிவுத் தாளின் படத்தை எடுத்து, அதில் இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். உண்மைதான் என்றார்கள். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். பிறகு புது நம்பரைச் செயலியில் போட்டேன். எஃப்.சி. அடுத்த கார்த்திகை வரை, இன்ஷூரன்ஸ் ஆவணி வரை. பையன் டிஜிலாக்கரில் ஆர்.சி.யும் லைசென்ஸும் வைத்திருந்தான். ஆர்.சி.யில் இருந்த சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தை வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கீழே குனிய முடியவில்லை, பட்டறைப் பையன் ஒருவன் படுத்துப் படித்துச் சொன்னான். பழைய நம்பர் எழுதிய எல்.ஆரைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வரச் சொன்னேன். இ-வே பில்லிலும் நம்பர் மாறியது. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. 'செக்போஸ்ட்டில்கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க ஆச்சி' என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன டீயைக் குடித்துக்கொண்டுதான் சொன்னான்.

கல் பட்டறைத் தம்பி, பத்து மணிக்கு நீங்கள் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. அப்புறம்தான் படுத்தேன். நகருக்குள் பகலில் விடும் நேரம் பார்த்து வெளியே காத்திருந்து, மறுநாள் மத்தியானம் இறக்கினார்கள். வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்ததில் கல் 11 முனை போயிருக்கிறது. பெட்டகத்தில் கீறல்கூட இல்லை. ஒரு ஜாடி மூடி விரிசல். அது நானே சுற்றி வைத்தது, யாரையும் சொல்ல முடியாது.

ரஸ்தா லாரிக்காரன்:

தார்ப்பாய் போட்டிருந்தானா?

பள்ளத்தூர் ஆச்சி:

போட்டிருந்தான் அண்ணே. இரண்டு ஓட்டை. அதைச் செயலியில் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பெட்டகத்தின் சாவியைப் பள்ளத்தூரிலேயே மறந்து வைத்துவிட்டேன். அங்கே திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி பஸ்ஸில் போன என் அயித்தான் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவனிடம் ரசீது வாங்கவில்லை.